மேற்குக் காற்றைப் பற்றி நான் சொல்லாமல் விட்டது

எங்கள் வீட்டுப் புகைபோக்கிக்குள் வெடிப்பு இருக்கிறது என்று தெரியவந்த நாளில் என் மனைவி வேலைக்குப் போயிருந்தாள். இப்போது நினைத்தால், நடந்த எல்லாவற்றுக்கும் அந்த ஒரு மணித்தியாலம் அவள் வீட்டில் இல்லாததுதான் காரணம் என்று சொல்லிவிடலாம் போல இருக்கும். அடுத்த நிமிடமே அது சப்பைக்கட்டு என்று எனக்கே தெரிந்துவிடும். அவள் பின்னேரம் நான்கு மணிக்கு வீட்டுக்கு வந்துவிட்டாள். வந்த பிறகு நான் வாயைத் திறந்திருக்கலாம்.

வீடு டென்மார்க்கில், கோல்டிங் நகரின் ஓரத்தில் இருக்கிறது. பழைய செங்கல் வீடு. இருவரும் வேலைக்குப் போய், பல வருடம் மாடிக்குடியிருப்பில் இருந்து, பிள்ளை வளர்ந்த பிறகு வாங்கியது. முன்னறையில் சுவரோடு சேர்த்துக் கட்டிய ஒரு கணப்பு இருந்தது. இங்கே பைஸ் என்பார்கள். கதவு கிடையாது, கண்ணாடி கிடையாது. சுவரில் ஒரு பெரிய வாய், அதற்குள் விறகை அடுக்கி எரிப்பது, புகை மேலே போவது, அவ்வளவுதான். எங்களுக்கு வீட்டை விற்ற டேனிஷ் தம்பதி அதற்குள் மெழுகுதிரிகளை வரிசையாக வைத்திருந்தார்கள். நாங்கள் பொங்கல் பானையை வைத்தோம்.

தை மாதத்தில் டென்மார்க்கில் பொங்குவதென்றால் என்ன பாடு என்று இங்கே இருப்பவர்களுக்குத்தான் தெரியும். காலை எட்டு மணிக்கும் இருட்டு. முற்றத்தில் மழையும் பனியும் கலந்து கொட்டும். எங்கள் ஆட்களில் பெரும்பாலானோர் குசினியில் கரண்ட் அடுப்பில்தான் பொங்குவார்கள். பால் பொங்கி அடுப்பில் வழிந்ததும் எல்லோரும் கை தட்டுவார்கள், வீட்டுக்காரி உடனே துணியை எடுத்துத் துடைப்பாள். எங்கள் வீட்டில் அப்படி இல்லை. கணப்புக்குள் மூன்று கல் வைத்து, முன்னால் கோலம் போட்டு, விறகு எரித்துப் பொங்கினோம். அந்தக் கணப்பு கிழக்குச் சுவரில், சூரியன் வரும் பக்கம் இருந்தது வேறு எனக்குப் பெரிய புளுகம், அப்படி ஒரு பெருமிதம். ஹ்விடோவ்ரேயில் இருந்துகூட இரண்டரை மணித்தியாலம் கார் ஓடி ஆட்கள் வருவார்கள். பொங்கலை ஒட்டி வரும் சனிக்கிழமையில் எங்கள் முன்னறையில் முப்பது பேர் நிற்பார்கள்.

அன்றைய முதல் சடங்கு, முகட்டில் இருக்கும் புகை அலாரத்தின் பற்றறியைக் கழற்றி அலுமாரிக்குள் வைப்பது. அதை நான்தான் செய்வேன். கதிரையில் ஏறி நின்று அதைக் கழற்றும்போது எல்லோரும் சிரிப்பார்கள், நானும் சிரிப்பேன். புகை வருகிறது என்று சொல்வதற்கென்றே ஒரு கருவி. அதன் வாயை அடைத்துவிட்டுத்தான் எங்கள் நல்ல நாள் தொடங்கும்.

பால் பொங்கியதும் வீட்டுத் தலைவன் இரண்டு கையாலும் அரிசியை அள்ளி, பானையை மூன்று முறை சுற்றிப் போட வேண்டும். என் பங்கு அதோடு முடிந்தது. அதைப் படம் எடுப்பார்கள், படம் அன்றே எல்லா வட்ஸ்அப் குழுக்களுக்கும் போய்விடும். பிறகு நான் வந்தவர்களோடு கதைக்கப் போய்விடுவேன். கணப்புக்கு முன்னால் குந்தியிருந்து ஒன்றரை மணித்தியாலம் கிண்டுவது என் மனைவி.

புகைபோக்கி துப்புரவு செய்பவர் வருடத்துக்கு ஒருமுறை வருவார். அது இங்கே சட்டம். ஐம்பது வயது தாண்டிய, பெரிய உடம்புள்ள மனிதர், கறுப்பு உடுப்பு. அந்த வருடம் மேல்மாடிப் படுக்கையறைச் சுவரில் மண்ணிறமாக ஒரு கறை படர்ந்திருப்பதைக் கண்டார். கூரையில் ஏறி, கயிற்றில் கட்டிய கமராவைப் புகைபோக்கிக்குள் இறக்கி, கீழே வந்து எனக்குப் படத்தைக் காட்டினார். செங்கற்களுக்கு நடுவே சாந்து உதிர்ந்து, விரல் நுழையும் அளவுக்கு வெடிப்பு. உள்ளே எவர்சில்வர் குழாய் இறக்கும்வரை நெருப்பு மூட்டக்கூடாது என்றார்.

குசினி மேசையில் இருந்து, நான் கொடுத்த தேநீருக்கு மூன்று கரண்டி சீனி போட்டுக் குடித்தபடி, ஒரு கடித உறையின் பின்பக்கத்தில் கீறி விளக்கினார். இரண்டு வழி இருக்கிறதாம். ஒன்று, கண்ணாடிக் கதவு வைத்த இரும்புப் பெட்டி. அதை அந்த வாய்க்குள் தள்ளிப் பொருத்திவிட்டால் புகை முழுக்க மேலே போகும், விறகு குறையச் செல்லும், சூடு அறைக்குள் நிற்கும். மற்றது, இப்போது இருப்பது போலத் திறந்தபடியே விடுவது. ஆனால் இவ்வளவு பெரிய வாய்க்கு அகலமான குழாய் வேண்டும். எங்கள் புகைபோக்கிக்குள் இறங்கக்கூடிய ஆக அகலமான குழாய் அதற்கு மட்டுமட்டாகத்தான் போதும். விதிக்கு உட்பட்டதுதான், என்னால் கையெழுத்துப் போட முடியும் என்றார். பிறகு பென்சிலை வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார்.

"மேற்குக் காற்று அடிக்கும் நாளில் புகை அறைக்குள் வரும். யன்னல்களையும் புதிதாக, காற்றுப் புகாதபடி மாற்றியிருக்கிறீர்கள். நீங்கள் அந்தப் புகைக்குள்தான் இருக்கப் போகிறீர்கள். என் வீடென்றால் நான் பெட்டியைத்தான் வைப்பேன்."

அந்தப் பெட்டிக்குள் ஒரு பானை வைக்கலாமா என்று கேட்டேன். நான் பகிடி விடுகிறேன் என்று நினைத்துச் சிரித்தார். பிறகு நான் சிரிக்கவில்லை என்று கண்டதும், பானை வைத்தால் கதவு மூடாது, கதவு மூடாவிட்டால் பெட்டி எதற்கு என்றார். வாசலில் சப்பாத்தைப் போட்டுக்கொள்ளும்போது மேற்குக் காற்றைப் பற்றி இன்னொரு முறை சொன்னார். நான் தலையாட்டினேன்.

என் மனைவி ஒரு முதியோர் இல்லத்தில் துப்புரவு வேலை செய்தாள். பதினெட்டு வருடம். அறை துடைக்கத்தான் சம்பளம், ஆனால் அங்கே இருந்த கிழவிகளுக்குத் தலை வாரி இழுத்துவிடுவாள், கண்ணாடியைத் தேடிக் கொடுப்பாள், யாருடைய மகன் எந்த ஞாயிறு வரவில்லை என்று எனக்கு வந்து சொல்லுவாள். அன்று அவள் வந்து உடுப்பு மாற்றியதும் கடித உறையை மேசையில் வைத்தேன்.

"ரெண்டு விதமாச் செய்யலாமாம்," என்றேன். "கண்ணாடிக் கதவு போட்ட பெட்டி ஒண்டு வைக்கலாம். இல்லாட்டி இப்ப கிடக்கிற மாதிரியே விடலாம்."

"எது நல்லதெண்டு சொன்னவர்?"

"ரெண்டும் சரியாம். எங்கட விருப்பமாம்."

"புகை?"

"புதுக் குழாய் இறக்கினாப் பிறகு புகை ஏன் வரப்போகுது?"

அவள் உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அதில் கோடுகள்தான் இருந்தன, அவர் சொன்னது எதுவும் எழுதியிருக்கவில்லை. "எனக்கெண்டா கதவு போட்டது நல்லம் போல கிடக்கு. போன பொங்கலுக்குப் பிறகு எனக்கு ரெண்டு கிழமை இருமல்."

"அது தடிமன் எல்லே. எல்லாருக்கும்தானே வந்தது. கண்ணாடிக்குப் பின்னால எப்பிடிப் பொங்கிறது, நீரே சொல்லும் பாப்பம்."

உறையைத் திரும்ப மேசையில் வைத்தாள். பிறகு, "உங்கட விருப்பம்," என்றாள்.

"உங்கட விருப்பம்" என்று யாழ்ப்பாணத்துப் பெண் ஒருத்தி சொன்னால் அதற்கு என்ன பொருள் என்று கலியாணம் செய்த எந்த ஆணுக்கும் தெரியும். எனக்கு விருப்பம் இல்லை, ஆனால் உங்களோடு மல்லுக்கட்ட என்னிடம் தெம்பும் இல்லை என்று பொருள். எனக்கும் தெரியும். தெரிந்துகொண்டே அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டேன். ஓர்ஹூஸில் படிக்கும் எங்கள் மகளும் தொலைபேசியில் பெட்டியையே வைக்கச் சொன்னாள். நான் தமிழில் கேட்டதற்கு அவள் டேனிஷில் பதில் சொன்னாள், அம்மா இருமுகிறாள், உங்களுக்குக் காது கேட்கவில்லையா என்று. படம் எடுக்க மட்டும் வந்துபோகிறவளுக்கு என்ன தெரியும் என்று பேச்சை மாற்றினேன்.

குழாய் இறங்கியது. பொங்கலும் வந்தது. சொல்லி வைத்தது போல அன்று மேற்குக் காற்று. தீ மூட்டிய கொஞ்ச நேரத்தில் புகை மேலே போக மனமில்லாமல் சுருண்டு சுருண்டு அறைக்குள் வந்தது. வந்தவர்களுக்கு அது கொண்டாட்டம். கண்ணைக் கசக்கிக்கொண்டு, "ஊர் மாதிரியே கிடக்கு அண்ணை," என்றார் ஒருவர். எனக்கு உச்சி குளிர்ந்தது. என் மனைவி சேலைத் தலைப்பை மூக்கில் பொத்திக்கொண்டு கிண்டினாள். இடையில், "இஞ்சேருங்கோ, அந்த யன்னலைக் கொஞ்சம் திறவுங்கோ," என்றாள். திறந்தேன். குளிர்கிறது என்று யாரோ சொன்னார்கள். மூடிவிட்டேன்.

அந்த யன்னலின் பிடி என் உள்ளங்கையில் இப்போதும் இருக்கிறது. அதைத் திறந்தே விட்டிருந்தால் முப்பது பேருக்கும் பத்து நிமிடம் குளிர்ந்திருக்கும், அவ்வளவுதான்.

பொங்கலோடு நின்றிருந்தாலும் பரவாயில்லை. குளிர் தொடங்கினால், மாரி முழுக்கச் சனி, ஞாயிறுகளில் நான் அதை எரிப்பேன். கிழமை முழுக்கத் தொழிற்சாலையில் இயந்திரத்தின் முன்னால் நின்றுவிட்டு வந்து, தீயைப் பார்த்துக்கொண்டு இருப்பது எனக்குச் சுகமாக இருந்தது. அவள் எனக்குப் பக்கத்தில் வந்து இருப்பாள். கொஞ்ச நேரத்தில் ஏதோ வேலை இருப்பதாகச் சொல்லி எழுந்து போவாள். இரண்டாவது மாரியில் இருமல் தை மாதத்தோடு நிற்கவில்லை. மூன்றாவது மாரியில் மாடிப்படியின் பாதியில் நின்றுவிடத் தொடங்கினாள். அங்கே சுவரில் மகளின் பள்ளிக்கூடப் படம் தொங்குகிறது. அதைப் பார்ப்பது போல நிற்பாள். ஒரு படத்தை எத்தனை நாளைக்குத்தான் பார்ப்பது? மூச்சு வாங்குகிறாள் என்று எனக்கு விளங்கிவிட்டது.

வைத்தியரிடம் நானும் கூடப் போனேன். கனிவான பெண். இவளை ஒரு குழாய்க்குள் ஊதச் சொன்னார். மூன்று முறை ஊதினாள், மூன்று முறையும் இருமினாள். ஆஸ்துமா என்றார். பிறகு திரையைப் பார்த்தபடி ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டு வந்தார். புகை பிடிப்பதுண்டா? இல்லை. வீட்டில் பூனை, நாய்? இல்லை. சுவரில் பூஞ்சணம்? இல்லை.

"வீட்டில் விறகடுப்போ பைஸோ இருக்கிறதா?"

"நை," என்றாள் என் மனைவி. இல்லை.

அதே குரலில் சொன்னாள். கண்கூட இமைக்கவில்லை. நான் அவளுக்குப் பக்கத்துக் கதிரையில்தான் இருந்தேன். எங்களுக்கு இடையில் அவளுடைய கைப்பை மட்டும் இருந்தது. இருக்கிறது டொக்டர், நான்தான் எரிக்கிறேன் என்று சொல்ல எனக்கு டேனிஷும் தெரியும், அதற்கு நேரமும் இருந்தது. நான் மூச்சுக் காட்டவில்லை. உண்மையைச் சொல்வதென்றால் அந்த நேரத்தில் எனக்கு வந்தது வெட்கம் இல்லை, நிம்மதி. வெட்கம் வருவதற்குக் கார் தரிப்பிடம்வரை நடக்க வேண்டியிருந்தது.

வைத்தியர் அடுத்துக் கேட்டது வேலையைப் பற்றி. துப்புரவு என்றதும் முகத்தில் தெளிவு வந்தது. என்னென்ன ஸ்ப்ரே பாவிக்கிறீர்கள், எத்தனை வருடம் என்று விசாரித்தார். காரணம் அதுவாகத்தான் இருக்கும், அந்த வேலையை விடுவது நல்லது என்று சொல்லி இன்ஹேலருக்கு எழுதித் தந்தார்.

காரில் ஏறியதும் கேட்டேன். "ஏன் அப்பிடிச் சொன்னனீர்?"

"பிறகு அந்த மனுசி உங்களையெல்லோ திரும்பிப் பாத்திருப்பா," என்றாள். "விடுங்கோ. என்ன, நீங்கள் தெரிஞ்சோ செய்தனீங்கள்? புதுக் குழாய் போட்டும் புகை வந்தா ஆர்தான் என்ன செய்யிறது?"

அந்த இடத்தில் சொல்லியிருக்க வேண்டும். நான் சாவியைத் திருப்பிக் காரை எடுத்தேன்.

அவள் வேலையை விடுவதாக எழுதிக் கொடுத்தாள். கடைசி நாளில் கூட வேலை செய்தவர்கள் பெரிய பூங்கொத்து ஒன்று கொடுத்தார்கள். ஒரு கிழவி இவளுடைய சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்றதாம். அதை என்னிடம் சிரித்துக்கொண்டு சொல்லத் தொடங்கியவள் பாதியில் நிறுத்திவிட்டுக் குசினிக்குள் போய்விட்டாள். அடுத்த திங்கட்கிழமை வழக்கம் போல ஐந்து மணிக்கு எழும்பி, உடுத்து, தேநீர் குடித்துவிட்டு, போவதற்கு இடம் இல்லாமல் மேசையில் இருந்தாள். நான் வேலைக்குப் போனேன்.

கோடையில் இருமல் குறைந்தது. குறையாமல் என்ன செய்யும்? கோடையில் யார் கணப்பு எரிக்கிறார்கள்? ஆனால் அவள், "வேலையை விட்டது நல்லதுக்குத்தான் போல," என்றாள். நான் ஓம் என்றேன். நான் சொன்ன பொய்களுக்குள் ஆகக் கேவலமானது அந்த ஓம்தான் என்று நினைக்கிறேன். மற்றவற்றை ஆசையில் சொன்னேன், வீம்பில் சொன்னேன். இதைச் சொன்னபோது எனக்கு எந்த ஆசையும் இல்லை. பயம் மட்டும்தான் இருந்தது.

ஒக்ரோபரில் குளிர் தொடங்கியது. மகள் வந்திருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை பழக்கத்தில் தீ மூட்டினேன். இரண்டு நாளில் இவள் மறுபடி படியில் நின்றாள். வேலையை விட்டு எட்டு மாதம். வீட்டில் எந்த ஸ்ப்ரேயும் இல்லை. நான் அன்றே புகைபோக்கித் துப்புரவுக்காரரின் நிறுவனத்துக்குத் தொலைபேசி எடுத்து இரும்புப் பெட்டிக்குச் சொன்னேன். குழாயை மாற்றத் தேவையில்லை, பெட்டியை அதோடு இணைத்தால் போதும் என்றார்கள்.

"கண்ணாடிக் கதவு போடுவம்," என்று அவளிடம் சொன்னேன்.

"உண்மையாவோ? அப்ப பொங்கல்?"

"கரண்ட் அடுப்பில வைப்பம். எல்லாரும் அப்பிடித்தானே செய்யினம்."

அவள் முகம் மலர்ந்ததை நான் எப்படிச் சொல்ல? அவளுக்காக நான் என் பெருமையை விட்டுக் கொடுத்ததாக நினைத்தாள். மகளுக்குத் தொலைபேசி எடுத்து, அப்பா பெட்டி போடப் போகிறார் என்று என்னைப் புகழ்ந்தாள். பெட்டியைப் பொருத்த வந்த இரண்டு பேருக்கும் றோல்ஸ் பலகாரம் பொரித்துக் கொடுத்தாள். அந்த நன்றி முழுவதையும் நான் வாய் பேசாமல் வாங்கி வைத்துக்கொண்டேன்.

வேலை முடிந்தால் துப்புரவுக்காரர் வந்து பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். அதே மனிதர் வந்தார். வார நாள்தான். ஆனால் இந்த முறை என் மனைவி வீட்டில் இருந்தாள். தேநீரும் வடையும் கொண்டுவந்து வைத்தாள். அவர் கதவைத் திறந்து மூடிப் பார்த்தார், தீ மூட்டிப் பார்த்தார், திருப்தியாகக் கண்ணாடியைத் தட்டினார். பிறகு அவளைப் பார்த்து, நல்ல மனதோடுதான், சொன்னார்:

"கடைசியில் நல்ல முடிவு. திறந்து வைத்தால் மேற்குக் காற்றுக்குப் புகை உள்ளே வரும் என்று அன்றைக்கே உங்கள் கணவரிடம் சொன்னேன். இரண்டு தரம் சொன்னேன். ஆனால் அவருக்குப் பானை வைக்க வேண்டுமாம்."

என் மனைவி அவருடைய கோப்பையில் இன்னும் கொஞ்சம் தேநீர் ஊற்றினாள். வடை எப்படி என்று கேட்டாள். அவர் கையெழுத்துப் போட்டுவிட்டு, வடை ஒன்றைக் கடதாசியில் சுற்றி எடுத்துக்கொண்டு போனார். அவள் வாசல்வரை போய்க் கதவைச் சாத்திவிட்டுத் திரும்பி வந்தாள்.

"ரெண்டு தரம் சொன்னவரோ?"

"ஓம்."

"டொக்டரிட்ட இருக்கேக்கையும் உங்களுக்குத் தெரியும்."

"ஓம்."

"நான் வேலையை எழுதிக் குடுக்கேக்கையும் தெரியும்."

"ஓம்," என்றேன்.

அவள் கத்தியிருந்தால் எனக்கு உதவியாக இருந்திருக்கும். ஏதாவது ஒரு கோப்பையை உடைத்திருக்கலாம். அவள் கோப்பைகளைக் கழுவி வைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு வைத்தியருடைய இடத்துக்குத் தொலைபேசி எடுத்தாள். சுத்தமான டேனிஷில், முன்பு சொன்ன ஒரு விஷயத்தைத் திருத்திச் சொல்ல வேண்டும், நேரம் தாருங்கள் என்றாள். வியாழக்கிழமை காலை ஒன்பது மணி கொடுத்தார்கள்.

"வியாழக்கிழமை நான் லீவு போட்டுட்டு வாறன்," என்றேன். "நான்தானே சொல்லவேணும்."

"வேண்டாம்," என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. களைத்துப் போய்ச் சொன்னாள். "நீங்கள் பக்கத்தில இருந்தா எனக்கு உண்மை வராது."

வியாழக்கிழமை அவள் தனியாகவே போனாள். இரவு முழுக்க உறைந்திருந்ததால் கார்க் கண்ணாடியில் பனி கெட்டியாகப் பிடித்திருந்தது. நான் வெளியே போய் அதைச் சுரண்டிக் கொடுத்தேன். அதற்கு மட்டும் அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை.